உதவி: கிராஸ்ஓவர் பார்ட்ஸ் செக் செய்ய விலை குறைந்த மீட்டர் எது?

சவுண்டுபிரியன்:
ஸ்பீக்கருக்குள் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டில் இருக்கும் கபாசிட்டர், காயில் எல்லாம் செக் செய்ய ஒரு மீட்டர் வேண்டும். நிறைய செலவு செய்ய முடியாது. சனிக்கிழமை சென்னை ரிச்சி தெரு (எலக்ட்ரானிக்ஸ் கடைகள்) போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது. மல்டிமீட்டரில் கபாசிட்டர் ரேஞ்ச் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. அவசரம்.

ஓம்விதி:
பட்ஜெட் எவ்வளவு? ஸ்பீக்கரில் என்ன கோளாறு? மல்டிமீட்டர் வேலை செய்யவில்லை என்றால் என்ன காட்டுகிறது, பூஜ்யமா, ஓ.எல். (அளவு ரேஞ்சைத் தாண்டியது) என்றா, இல்லை தப்பான எண்ணா? பார்ட்ஸைப் போர்டிலேயே வைத்து அளந்தீர்களா, கழற்றியா?

கோவைவால்வு:
மீட்டரே வேண்டாம் தம்பி. பழைய ஸ்பீக்கர்தானே? உள்ளே இருக்கும் பைபோலார் கண்டென்சர் (கபாசிட்டர்தான்) எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வயதானால் அது காய்ந்துபோய் உள் தடை ஏறிவிடும், உச்ச ஒலி தரும் ட்வீட்டர் மங்கிவிடும். நான் பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் நோய்.

பாஸ்பெட்டி:
பழையது என்று அவர் எங்கே சொன்னார் அண்ணா?
என் ஓட்டு ஏடிமெகா328 சிப் வைத்த கம்போனென்ட் டெஸ்டருக்கு. விலை குறைவு, காயில், கபாசிட்டர், ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் எதை மாட்டினாலும் அதுவே கண்டுபிடித்துக் காட்டும், உள் தடையும் சொல்லும். ஆனால் கபாசிட்டரில் சார்ஜ் இருந்தால் டெஸ்டர் போய்விடும், அதனால் முதலில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு மாட்டுங்கள்.

அளவுகோல்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. முதலில் எந்த அதிர்வெண்ணில் அளக்கிறோம் என்பது தெரிய வேண்டும், மீட்டர் அப்புறம். 1 மில்லி ஹென்றி காயில் 1 கிலோ ஹெர்ட்ஸில் சுமார் 6.3 ஓம், 100 ஹெர்ட்ஸில் 0.63 ஓம்தான். சுற்றிய கம்பியின் தடையே அரை ஓம் இருக்கும், அப்படியென்றால் 100 ஹெர்ட்ஸில் எதை அளக்கிறீர்கள்? பாஸ்பெட்டி சொல்லும் டெஸ்டர் காயிலை 0.01 மில்லி ஹென்றி படிகளில்தான் காட்டும், 0.2 மில்லி ஹென்றி காயிலுக்கு ஒரு படி என்பதே 5 சதவீதம். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் காயில், கபாசிட்டர் அளக்கும் டிஇ-5000 மீட்டர் வாங்குங்கள். 100, 120 ஹெர்ட்ஸ், 1, 10, 100 கிலோ ஹெர்ட்ஸ் என்று ஐந்து அதிர்வெண்கள், ஈ.எஸ்.ஆர். (உள் தடை), டி (இழப்பு), கியூ (தரம்) எல்லாம் வரும். அதற்குக் கீழே இருப்பதை நான் மீட்டர் என்றே சொல்ல மாட்டேன்.

ஓம்விதி:
டிஇ-5000 நல்ல மீட்டர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஜோடி ஸ்பீக்கரைச் சரிசெய்ய வருபவரிடம் முதல் வார்த்தையே அதுவாக இருக்க வேண்டுமா? அவர் கோளாறையே இன்னும் சொல்லவில்லை.

சவுண்டுபிரியன்:
பட்ஜெட் 2,000. இடது ஸ்பீக்கரில் ட்வீட்டர் சத்தம் மங்கலாக வருகிறது, வலது நன்றாக இருக்கிறது. இரண்டு ட்வீட்டரையும் மாற்றி மாட்டிப் பார்த்தாயிற்று, மங்கல் இடது பக்கமே நிற்கிறது. போர்டில் 4.7 மைக்ரோ ஃபாரட் பைபோலார், இரண்டு காயில், 2.2 ஓம் 5 வாட் ரெசிஸ்டர். கபாசிட்டரில் மீட்டர் வைத்தால் ஓ.எல். இரண்டு பக்கமும் அப்படித்தான். கழற்றவில்லை.

ஓம்விதி:
இரண்டு பக்கமும் ஓ.எல். என்றால் பிழை மீட்டரில் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கபாசிட்டரின் ஒரு முனையிலிருந்து வூஃபர் (தாழ்ந்த ஒலி தருவது) காயில், வூஃபர், கிரவுண்ட், ட்வீட்டருக்குக் குறுக்கே இருக்கும் காயில் என்று சுற்றி வந்தால் மறு முனைக்கே வந்துவிடலாம், மொத்தம் சில ஓம்தான். அது கூடவே இருக்கும்போது மல்டிமீட்டரால் கபாசிட்டரைச் சார்ஜ் செய்யவே முடியாது. ஒரு காலின் ஈயத்தை உருக்கித் தூக்கிவிட்டு அளந்து பாருங்கள், ரெசிஸ்டரையும் அதேபோல. ஓம் ரேஞ்சில் முதலில் மீட்டர் வயரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள், சில மீட்டரில் அதுவே அரை ஓம் வரும்.

கோவைவால்வு:
கண்டென்சர்தான். மாற்றும்போது பிலிம் வகை போடுங்கள், இன்னொரு முப்பது வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அளவுகோல்:
அது தவறான அறிவுரை. பைபோலாரின் உள் தடையையும் கணக்கில் வைத்துத்தான் பல பெட்டிகளில் ட்வீட்டர் அளவை நிர்ணயித்திருப்பார்கள். பிலிமில் அந்தத் தடை கிட்டத்தட்ட இல்லை, ட்வீட்டர் தூக்கலாகிவிடும்.

கோவைவால்வு:
அரை ஓமுக்கு இவ்வளவு பேச்சா? அப்படிப் பார்த்தால் ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் தீர்ந்தது. காய்ந்துபோகும் பொருளையே திரும்ப வாங்கச் சொல்வது என்ன நியாயம்?

அளவுகோல்:
எத்தனை ஓம் போடுவது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? பழையதை அளந்துதானே? அப்போது மீட்டர் வேண்டுமல்லவா?

பாஸ்பெட்டி:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள், எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவேண்டும். இல்லாவிட்டால் பாடகர் குரல் நடுவில் நிற்காது.

லேப்டாப்காது:
2,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருள், அதில் இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் தடை) அளக்கும் வசதி இருக்கிறது. லைன் இன்புட் இரண்டு சேனலாக உள்ள ஒரு சவுண்டு கார்டு, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் வயர் போதும். காயில், கபாசிட்டர் மட்டுமில்லை, ட்வீட்டரின் இம்பீடன்ஸ் வளைவையே 20 ஹெர்ட்ஸிலிருந்து வரைந்து காட்டும். என் கருத்தில் எந்தக் கையடக்க மீட்டரை விடவும் ஸ்பீக்கர்காரனுக்கு இதுதான் உதவும், ஏனென்றால் கிராஸ்ஓவர் வேலை செய்யும் அதே அதிர்வெண்களில் அளக்கிறோம். சில மலிவான எல்.சி. (காயில், கபாசிட்டர்) மீட்டர்கள் நூற்றுக்கணக்கான கிலோ ஹெர்ட்ஸில் அளக்கும், இரும்பு கோர் காயிலுக்கு அந்த எண்ணை நம்பக் கூடாது.

அளவுகோல்:
சவுண்டு கார்டை அளவு சரிபார்க்காமல் விட்டால் அதுவும் தப்பாகத்தான் காட்டும்.

லேப்டாப்காது:
சரிபார்ப்பதற்கான படிகள் மென்பொருளிலேயே இருக்கின்றன, செய்துவிட்டுத்தான் அளக்கச் சொல்கிறேன்.

சவுண்டுபிரியன்:
கால்களைத் தூக்கி அளந்தேன். கபாசிட்டர் இடது 5.0, வலது 4.9 மைக்ரோ ஃபாரட். ரெசிஸ்டர் வலது 2.3, இடது 9 ஓமுக்கு மேல், காலை அசைத்தால் எண் மாறுகிறது. புதிது வாங்கிப் போடுகிறேன். நன்றி ஓம்விதி அண்ணா.

ஓம்விதி:
அப்படியானால் அதுதான். 8 ஓம் ட்வீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2.2 இருக்கவேண்டிய இடத்தில் 9 வந்ததும் சுமார் 4 டெசிபல் குறையும், நன்றாகவே காதில் விழும். புது ரெசிஸ்டரும் 5 வாட்டுக்குக் குறையாமல், போர்டைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி வைத்துப் பற்றவையுங்கள், சூடாகும். இரண்டாக வாங்கி வலது பக்கமும் மாற்றிவிடுங்கள்.

கோவைவால்வு:
கபாசிட்டன்ஸ் சரியாக இருந்தாலும் உள் தடை ஏறியிருக்கலாம், அதை உங்கள் மல்டிமீட்டர் காட்டாது. கையோடு கண்டென்சரையும் மாற்றுங்கள்.

பாஸ்பெட்டி:
கடைசியில் எந்த மீட்டர் வாங்கினீர்கள் சவுண்டுபிரியன்?