புதுப்பிப்பு: சைனா ஆம்ப்பே வாங்கிட்டேனுங்க

போன மாசம் சைனா கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தப் பெருசாக்கற பொட்டி) வாங்கலாமா, காசு சேத்து இங்கிலாந்து மேக்கே பாக்கலாமான்னு கேட்டிருந்தேனுங்க. காந்திபுரத்துல பழைய வால்வ் (ட்ரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழாய்) ரேடியோ நோண்டுற அண்ணங்கிட்ட கேட்டா சிரிக்கறாரு, இங்கிலாந்துக் கம்பெனி மார்ஷலோட டிஎஸ்எல் ஆம்ப்பே இப்ப வியட்நாம்ல செய்யறாங்க, அமெரிக்கக் கம்பெனி ஃபெண்டரோட ப்ளூஸ் ஜூனியர் ஆம்ப் மெக்சிகோவுல, ஊரப் பாக்காத கண்ணு, உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரப் பாரு, வால்வ் சாக்கெட் சேசிஸ்ல (உலோகச் சட்டம்) நிக்குதா சர்க்யூட் போர்டுலயே ஒட்டிருக்குதான்னு பாருன்னாரு (போர்டுன்னா வால்வ் சூட்டுல சால்டர் (ஈயப் பத்தவெப்பு) விரிசல் உடுமாமா). அமெரிக்காவுல இருந்து மச்சான் ஒண்ணு கொண்டாரேன்னான், அது 120 வோல்ட்டு, நம்முளுது 230, வோல்ட்டக் கொறைக்கற ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேற தூக்கோணும், வேண்டாம்னுட்டேன். கடைசில 20 வாட், வால்வ் இல்லாத ட்ரான்சிஸ்டர் ஆம்ப்தானுங்க, சைனாவேதான். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையே தாண்டுது, அம்மாதான் திட்டிட்டு இருக்குது.