பென்னி பிளாக்: மூன்று ஓரம் போதுமா?

கேள்வி:
இருபது வருடமாகத் தபால்தலை சேர்க்கிறேன். 1840-இல் பிரிட்டனில் வந்த உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் ஒன்று இப்போதுதான் என் கைக்கு எட்டியிருக்கிறது. மூன்று பக்கம் நல்ல ஓரம், கீழே மட்டும் கத்தரி படத்தை உரசிவிட்டது. சிலுவை வடிவில் அஞ்சலகம் குத்திய சிவப்பு மால்டீஸ் சிலுவை முத்திரை, ராணி விக்டோரியாவின் முகத்தில் படாமல் விழுந்திருக்கிறது. வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பதில்:
காத்திருங்கள். அப்போது தபால்தலைகளைத் துளையிட்டுப் பிரிக்கும் முறை வரவில்லை. 240 தலை கொண்ட தாளிலிருந்து கத்தரியால் வெட்டினார்கள், இடைவெளியோ மிகக் குறுகல். நான்கு ஓரமும் தப்பியது அபூர்வம் என்பதால்தான் அதற்கு அந்த மதிப்பு.

பதில்:
நான் வாங்கச் சொல்வேன், பின்பக்கம் பார்த்துவிட்டு. நான்கு ஓரம் என்ற மயக்கத்தில் ஒன்றை வாங்கினேன். கறுப்புத் தட்டில் கவிழ்த்து தாளுக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறியைக் காட்டும் திரவம் விட்டதும், நீர்க்குறியான சின்னக் கிரீடம் அழகாகத் தெரிந்தது. அதை ஒட்டியே மிளகு அளவில் ஒரு கருந்திட்டு. ஆல்பத்திலிருந்து யாரோ பிய்த்தபோது தாள் மெலிந்த இடம் அது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. அப்புறம், கீழ் மூலைகளில் உள்ள இரண்டு எழுத்தும் முழுசாக இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது. எழுத்துக்குக் கீழே உள்ள கோட்டில்தான் வெட்டு. சரி, நாளை திரவத்தோடு போகிறேன்.