செஸ் போர்டில் மூலைக்கு மூலை தூரம்: டேப் சரியா, மகன் சரியா?

சிம்மக்கல் டெய்லர்:
ஏழாவது படிக்கும் மகனோடு சண்டை. ஏ1 கட்டத்தில் இருந்து நேராக ஏ8 போக ராஜாவுக்கு 7 மூவ், எதிர்மூலை ஹெச்8 போகவும் அதே 7 மூவ், அதனால் ரெண்டும் ஒரே தூரம் என்கிறான். கடை டேப்பை வைத்துப் பார்த்தேன். எங்கள் போர்டில் கட்டம் 2 இன்ச். கட்டத்தின் நடுவில் இருந்து நடுவுக்கு, நேராக 14 இன்ச், மூலைவாக்கில் 20க்குக் கொஞ்சம் குறைவு. துணியைக் கிராஸாக வெட்டினால் இழுபடும், தெரியும். அட்டையுமா இழுபடும்?

திருமங்கலம் வாத்தியார்:
டேப் சரிதான் அண்ணே. பிதாகரஸ்படி 14ஐ ரூட் 2ஆல் பெருக்கினால் 19.8. ஆனால் ராஜாவுக்கு இன்ச் தெரியாது, மூவ்தான் தெரியும். மூலைவாக்கில் ஒரு மூவ் வைத்தால் மேலேயும் ஒரு கட்டம், பக்கத்திலும் ஒரு கட்டம், ஒரே செலவில் ரெண்டு வேலை. அதனால் ரெண்டில் எது பெரிய எண்ணோ அதுதான் அவருக்குத் தூரம். கணக்கில் இதற்கு செபிஷேவ் தூரம் என்று பேர். இன்னொரு வேடிக்கை, நடுவில் நிற்கும் ராஜாவுக்கு 1 மூவ் தள்ளி 8 கட்டம், 2 மூவ் தள்ளி 16, 3 மூவ் தள்ளி 24, எல்லாம் சதுர வளையம். அவர் கணக்கில் அதுதான் வட்டம்! மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி இருக்கிற மாதிரி. (வீதிகள் கொஞ்சம் கோணல்மாணல்தான், விடுங்கள்.)

மாசி வீதி ஆட்டோ:
சார், உதாரணம் இடிக்குதே. கீழமாசியும் தெற்குமாசியும் சேரும் முனையில் ஏறியவரை மேலமாசி, வடக்குமாசி முனையில் இறக்கணும் என்றால் கோயிலுக்குள் குறுக்கே ஓட்டவா முடியும்? ரெண்டு பக்கமும் சுற்றித்தான் ஆகணும். இது நேர்க்கோட்டில் மட்டும் ஓடும் செஸ் யானையின் கணக்கு. மூவ் 2தான், ஆனால் கட்டத்தை எண்ணினால் 7ம் 7ம் 14.

குதிரைக்காரன்:
செஸ் ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரேட்டி 1921ல் போட்ட புதிரைப் பையனுக்குக் காட்டுங்கள். வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளை ஆட்டம். கறுப்புச் சிப்பாயை நேராக விரட்டினால் பிடிக்கவே முடியாது. ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாக்கில் இறங்கினால் அதையும் துரத்தலாம், தன் சிப்பாயையும் நெருங்கலாம், ஆட்டம் டிரா. அப்புறம் ஒரு கேள்வி: ராஜா ஏ1ல் இருந்து 7 மூவில் ஹெச்8 போக ஒரே வழிதான், ஏ8 போக எத்தனை வழி? 127. நம்பாவிட்டால் எண்ணிப் பார்க்கட்டும்.

சிம்மக்கல் டெய்லர்:
ஏன் தம்பி சொன்னீர்கள். அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டம் கட்டமாகக் கோடு போடுகிறான், இதுவரை 31 வழி. அதற்கு அடியில்தான் நாளைக்குக் கொடுக்க வேண்டிய ரெண்டு ஜாக்கெட் அளவு இருக்கிறது.