'கடத்தப்பட்ட விமானம்' போதாது: 'பிறழ் விமானம்' என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பயணிகள் விமானத்தைக் கைப்பற்றி அதையே ஆயுதமாகத் திருப்பும்போது அதைக் குறிக்கக் 'கடத்தப்பட்ட விமானம்' என்பதே போதும் என்று நகரி நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழக-கேரள எல்லையில் வாளையாறு சோதனைச் சாவடியை அடுத்து வாழும் எங்களுக்குக் கடத்தல் என்றதும் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். இங்குள்ள மலையாள நாளிதழ்கள் 'ராஞ்சல்' என்று எழுதுகின்றன. பருந்து கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்வதற்கும் அதுவே சொல். இரண்டிலும், கொண்டுசெல்லப்படுவது எங்கோ போய்ச் சேரும் என்ற எதிர்பார்ப்பு உள்ளது. 1999 டிசம்பரில் அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாகக் காந்தஹாரில் போய் நின்ற, கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானமான ஐசி 814-க்கு அச்சொல் முற்றும் பொருந்தும்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான் பாதுகாப்பு தோற்றதற்கு அந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம். கடத்தப்பட்ட விமானம் தன்னை மறைத்துக்கொள்ளாது, மேலிடங்களைக் கலந்துபேச நேரம் கிடைக்கும், கடத்தியவர்கள் வழக்கமான கடத்தல்காரர்களாகவே நடந்துகொள்வார்கள் என்ற அனுமானங்களின் மேல்தான் அன்றைய நடைமுறை நின்றது. மூன்றும் பொய்த்தன. விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் தரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், முதலில் மோதிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11 விமானத்தில் காலை 8.21-க்கு அணைக்கப்பட்டது, பிறகு ராடார் திரையில் எஞ்சியது பெயரில்லாத ஒரு புள்ளி. படையின் வடகிழக்கு வான் பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் எட்டியது 8.37-க்கு, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது 8.46-க்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஓட்டிஸ் தளத்துப் போர் விமானங்கள் 8.53-க்குத்தான் மேலெழுந்தன. நான்கு விமானங்களில் படையினருக்குக் கிடைத்த மிக நீண்ட முன்னறிவிப்பே 8.37 முதல் 8.46 வரையிலான அந்த ஒன்பது நிமிடம்தான். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறப்பது நிமிடத்துக்கு 15 கி.மீ. கடக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாளையாற்றிலிருந்து பாலக்காட்டு நகருக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

அமெரிக்கப் பெருநிலப்பரப்பு முழுவதற்கும் அன்று ஆயத்த நிலையில் நின்ற போர் விமானங்கள் பதினான்கே. பனிப்போர்க் கால ஏற்பாட்டின் எச்சமாக, அவை கடலுக்கு அப்பாலிருந்து வரக்கூடிய பகையையே எதிர்நோக்கின. ஆனால் வந்ததோ உள்நாட்டு நிலையத்தில், உரிய அனுமதியோடு, கால அட்டவணைப்படி கிளம்பிய விமானம்.

இதற்கு நிகரான நிலைமைக்கு நம் நீதிமன்றத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் வேரூன்றியிருக்கிறது: பிறழ் சாட்சி. நம் தரப்பு அழைத்து வந்தவரே கூண்டில் ஏறியபின் நமக்கு எதிராகத் திரும்புவதை அது குறிக்கிறது. அவ்வழியில் 'பிறழ் விமானம்' என்று ஆளலாம் என்பது என் முன்மொழிவு. 'பகை விமானம்' என்பதை நான் ஏற்க மாட்டேன். உள்ளே இருப்போர் பகைவர் அல்லர் என்பதுதான் சுடுவதா என்ற முடிவை இவ்வளவு கடினமாக்குகிறது. அத்தகைய விமானத்தைச் சுட அனுமதித்த சட்டப் பிரிவை ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2006-இல் செல்லாது என்றது, குற்றமற்ற பயணிகளின் மாண்பை முன்னிறுத்தித்தான். இந்தியாவோ 2005-இல் வகுத்த கொள்கையில் அதற்கு இடம் கொடுத்தது.

'பிறழ்' என்பது பாதை தவறியதையும் குறிக்குமே என்ற தடை எழலாம். அதற்கு 'வழி தவறிய விமானம்' இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய முடியாமல் கட்டுப்பாட்டு அறை தயங்கும் நிமிடங்களிலேயே பாதுகாப்பு பெரும்பாலும் தோற்கிறது என்பதால், வழி தவறியதிலிருந்து பிறழ்ந்ததைப் பிரித்து உறுதிசெய்யும் ஆணைக்கும் 'பிறழ்வு அறிவிப்பு' என்று தனிச்சொல் வேண்டும். 'பிறழ் விமானம்', 'பிறழ்வு அறிவிப்பு' ஆகிய இரு சொற்களையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பது பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.