அலபாமா சொராரிட்டி சேர்க்கையில் பல்கலைக்கழகம் தலையிட்டது சரியா?

நெய்தல்:
2013 செப்டம்பரில், அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழான 'கிரிம்சன் வைட்' ஒரு செய்தி வெளியிட்டது. படிப்பில் சிறந்து விளங்கிய ஒரு கறுப்பின மாணவியை, வழிவழியாக வெள்ளையருடையதாக இருந்துவந்த சொராரிட்டிகளில் (உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுக்கும் மாணவியர் சங்கங்களில்) ஒன்றுகூட அந்த ஆண்டுச் சேர்க்கையில் அழைக்கவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் உடனே சேர்க்கையை மீண்டும் திறக்கச் செய்தார். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கருவேலம்:
எனக்கு உடன்பாடில்லை. சொராரிட்டி வகுப்பறை அன்று. ஒரே வீட்டில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒருவரையொருவர் சகோதரி என்று அழைக்கப்போகும் பெண்கள் தங்களுக்குள் யாரைச் சேர்ப்பது என்பதை நிர்வாகம் மேலிருந்து முடிவு செய்ய முடியாது. மேலும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913இல் டெல்டா சிக்மா தீட்டா என்னும் சொராரிட்டிகளைக் கறுப்பினப் பெண்களே நிறுவினார்கள். அத்தகைய மரபு இருக்கும்போது, வெள்ளையர் வீட்டு வாசலில் கிடைக்கும் அனுமதியையே பெரும்பேறாகப் பேசுவது அம்மரபைச் சிறுமைப்படுத்துகிறது. சேர்க்கையை மீண்டும் திறந்த பிறகும் 11 கறுப்பின மாணவியருக்கு அழைப்பு போனதாகவும், அவர்களில் 4 பேர் ஏற்றதாகவும்தானே பானர் முதலில் அறிவித்தார்?

நெய்தல்:
ஐயா, யாரைச் சேர்ப்பது என்பது அந்தப் பெண்களின் தேர்வு என்கிறீர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதுதான் அந்தச் செய்தியின் உயிர்நாடி. அந்த மாணவியைச் சேர்க்க விரும்பிய உறுப்பினர்கள் இருந்தார்கள். வாக்கெடுப்புக்கே இடம் கொடுக்காமல், முன்பு உறுப்பினராக இருந்த பழைய மாணவியர் தடுத்துவிட்டார்கள் என்று உறுப்பினர் ஒருவரே தம் பெயரைச் சொல்லி வெளிப்படையாகப் பேசினார். கறுப்பினச் சொராரிட்டிகள்மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவை இருக்கின்றன என்பதற்காக இந்தக் கதவைச் சாத்தியே வைக்கலாம் என்றாகிவிடாது.

குறிஞ்சி:
என் மகள் அமெரிக்காவின் வேறொரு தென்மாநிலப் பல்கலைக்கழகத்தில் சொராரிட்டிச் சேர்க்கைக்குப் பதிவு செய்தபோது நான் அருகில் இருந்தேன். தாயோ பாட்டியோ உறுப்பினராக இருந்தாரா, பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய பழைய மாணவி யார் என்று படிவம் கேட்டது. மதுரையில் படித்த நான் என்ன எழுதுவது? இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டோம். பாட்டி காலத்தில் அந்த வளாகத்துக்குள் கால்வைக்கவே முடியாதிருந்த கறுப்பினக் குடும்பத்துப் பெண்ணும் அவற்றை வெறுமையாகத்தானே விட வேண்டும்? நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்காமலே படிவம் வேலையை முடித்துவிடுகிறது.

கருவேலம்:
பழைய மாணவியரின் தலையீடு தவறு என்பதை ஏற்கிறேன், அம்மா. அந்த அதிகாரத்தை நீக்கியிருந்தால் போதும். காலப்போக்கில் மாணவியரே மாற்றியிருப்பார்கள்.

நெய்தல்:
காலம் நிறையவே கொடுக்கப்பட்டது, ஐயா. கறுப்பின மாணவர்களான விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூட்டும் உள்ளே வராதபடி, அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் இதே பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் அரங்கு வாசலை மறித்து நின்றது 1963 ஜூன் 11. அங்குள்ள வெள்ளையர் சொராரிட்டி ஒன்று, கறுப்பினப் பெண் என்று தெரிந்தே ஒருவரைச் சேர்த்துக்கொண்டது 2003இல். அதன்பின் பத்து ஆண்டுகள் தானாக மாறட்டும் என்று விட்டுவைத்த பிறகுதான் 2013இன் செய்தி வந்தது.