மிச்சத்துண்டு இல்லாமல் வெட்டிய மேலாடை: அக்குள் இழுக்கிறது, இடப்பக்கத் தையல் மட்டும் சுருங்குகிறது

கேள்வி

110 செ.மீ. அகலமும் 140 செ.மீ. நீளமும் உள்ள பருத்தித் துணியில், கைக்குட்டை அளவுகூட மிச்சம் விழாதபடி ஒரு தளர்வான மேலாடையை வெட்டித் தைத்திருக்கிறேன். உடலுக்கு 56 செ.மீ. அகலத்தில் முழு நீளப் பட்டை ஒன்று. தோளில் மடிப்பு மட்டுமே, தையல் இல்லை. மீதி 54 செ.மீ. பட்டையில் 40 செ.மீ. சுற்றளவுக்கு இரண்டு கைகள் எடுத்தேன். எஞ்சிய 54 × 60 துண்டில், அக்குளுக்கு 10 செ.மீ. சதுரங்கள் இரண்டும், கழுத்துப் பட்டிக்கு 10 × 40 துண்டு ஒன்றும், 44 × 30 செவ்வகங்கள் இரண்டை மூலைக்கு மூலை வெட்டியதில் பக்கவாட்டு விரிவுக்கு நான்கு முக்கோணங்களும் கிடைத்தன. எல்லாத் தையலுக்கும் 1 செ.மீ. விட்டேன்.

தைத்து முடித்த அன்று குறையேதும் தெரியவில்லை. முதல் முறை துவைத்து உலர்த்திய பிறகு மூன்று சிக்கல்கள் தெரிகின்றன. கையைத் தூக்கினால் உடை முழுவதும் மேலே ஏறுகிறது. அக்குள் சதுரத்தின் மூலைகளில் துணி கொசுவம்போல் குவிந்து, ஓரிடத்தில் இழை பிரியத் தொடங்கிவிட்டது. இடப்பக்கத் தையல் மட்டும் கயிறு கட்டி இழுத்ததுபோல் சுருங்கி நிற்கிறது. வலப்பக்கம் நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் ஒரே நூலில், ஒரே இழுவிசையில்தான் தைத்தேன். மாற்றுத்துண்டு வைக்கலாம் என்றால் மிச்சம் வைக்காததே என் பெருமையாக இருந்தது. இப்போது அதுவே வினையாகிவிட்டது.

முதல் பதில்

இடப்பக்கத்தைப் பற்றி முதலில் ஒரு கேள்வி: உடல் பட்டையைத் துணியின் எந்த ஓரத்திலிருந்து அளந்து வெட்டினீர்கள்? துணியின் கரை (நெய்யும்போதே முடிந்து நிற்கும் நீளவாட்டு ஓரம்) இடப்பக்கத் தையலுக்குள் போயிருந்தால், இயந்திரத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. கரையில் பாவு இழைகள், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்கள், நெருக்கமாக ஓடுவதால், அது உள்துணியைப் போலச் சுருங்குவதில்லை. தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று இழுக்கும்.

அக்குளைப் பொறுத்தவரை அளவே போதவில்லை. 10 செ.மீ. சதுரம் தைத்த பின் 8 செ.மீ. ஆகிவிடும், அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 11 செ.மீ.தான். கையைத் தூக்கும்போது நீள வேண்டியது அந்த மூலைவிட்டமே. 14 செ.மீ. சதுரம் வெட்டினால், தைத்த பின் 12 செ.மீ. நிற்கும், மூலைவிட்டம் 17 செ.மீ. கிடைக்கும். அந்தத் துணியைக் கைகளின் முன்முனையிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வெட்டில் கை வேண்டியதைவிட நீளமாகத்தான் இருக்கிறது.

கேட்டவர்

ஆம், உடல் பட்டை கரையிலிருந்தே தொடங்குகிறது. கரை நூல் பிரியாது என்பதால் அதை ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் சுற்றித் தைப்பது) செய்யாமலே விட்டது உண்மை. ஆனால் கைகளின் முன்முனையும் துணியின் மறுகரைதான். அதையே மடிக்காமல் அழகுக்காக அப்படியே விட்டிருக்கிறேன். அதை வெட்ட மனம் வரவில்லை.

இரண்டாம் பதில்

வெட்டவே வேண்டாம். உங்கள் கை ஒரு நேர்ச் செவ்வகம். மணிக்கட்டுப் பக்கம் குறுகவில்லை. எனவே தோள் முனையிலிருந்து 14 செ.மீ. பட்டையை எடுத்தாலும் கையின் வடிவம் மாறாது, கரையும் தப்பிக்கும். முன்னவர் சொன்ன அளவு சரி, இடம்தான் தவறு. தோள் முனையில்தான் பழைய சதுரம் தைத்த குவிப்பும் பிரிந்த இழையும் இருக்கின்றன என்பதால், கைப் பக்கத்துச் சேதமும் அந்தப் பட்டையோடு நீங்கிவிடும். இந்தத் துணி ஏற்கெனவே துவைத்துச் சுருங்கியது. புதிய துணியை ஒட்டுப்போட்டிருந்தால் அடுத்த துவைப்பில் மறுபடி இழுத்திருக்கும். ஒரே ஒரு கணக்கு: அக்குள் 4 செ.மீ. கீழே இறங்குவதால், பக்கத்து முக்கோணத்தின் கூர்முனையை அந்த அளவுக்கு உள்ளே மடித்துத் தைக்க வேண்டும்.

மூலைக் குவிப்புக்குக் காரணம், தையலைத் துணியின் விளிம்பு வரை ஓட்டியது. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே பென்சிலால் புள்ளி வையுங்கள். ஒரு பக்கத்தை அந்தப் புள்ளியில் தொடங்கி, அடுத்த புள்ளியில் நிறுத்துங்கள். கடைசி மூன்று தையல்களை 1.5 மி.மீ. நீளத்துக்குக் குறைத்து, பின்னோக்கி இரண்டு தையல் போட்டு நூலை வெட்டிவிடுங்கள். அடுத்த பக்கத்தைத் தைக்கும்போது முந்தைய பக்கத்தின் தையல் விளிம்பு ஊசிக்கு அடியில் போகாமல் விரலால் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் புள்ளியை ஒரு நூல் தாண்டினாலும் குவியும். உடல் பக்கத்தில் இழை பிரிந்த இடத்துக்குப் பின்னால், பழைய அக்குள் சதுரத்திலிருந்து 2.5 செ.மீ. துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்துத் தையுங்கள்.

கரைக்கு இரண்டு வழிகள். தையலைப் பிரிக்காமல், கரையில் மட்டும் 3 செ.மீ.க்கு ஒரு சாய்வான வெட்டு, தையலுக்கு 3 மி.மீ. முன்பே நிற்கும்படி கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் பிரித்து, கரையை நறுக்கி, மறுபடி தைத்து ஓவர்லாக் செய்ய வேண்டும். நான் முதல் வழியையே முதலில் முயல்வேன்.

முதல் பதில் அளித்தவர்

தோள் முனையிலிருந்து வெட்டுவது எனக்குத் தோன்றவில்லை, அதுவே சரி. அடுத்த உடைக்கு ஒன்று சொல்கிறேன். ஜப்பானிய உடையான கிமோனோவை ஏறத்தாழ 36 செ.மீ. அகலமுள்ள குறுகிய துணியில் தைப்பவர்கள், உடம்புக்கு மிகுதியான அகலத்தை வெட்டி எறியாமல் தையலுக்குள்ளேயே மடித்து வைக்கிறார்கள். பின்னால் பிரித்துப் பெரிதாக்க அது உதவுகிறது. 1 செ.மீ. விட்ட இடத்தில் பக்கத் தையலுக்கு 2 செ.மீ. விட்டாலும் ஒரு துண்டும் வீணாகாது, அவசரத்துக்கு எடுக்கவும் துணி இருக்கும். வெட்டும் முன் துணியை ஒருமுறை துவைத்து இஸ்திரி போடுவதையும் தவிர்க்காதீர்கள்.

கேட்டவர்

இரண்டு நாள் பிரித்துத் தைத்து முடித்தேன். கை முழங்கைக்குக் கீழே முக்கால் அளவில் நிற்கிறது, கரை அப்படியே இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உடையின் கீழ்விளிம்பு இப்போது இரண்டு விரல் அளவே ஏறுகிறது. சாய்வு வெட்டு கொடுத்து, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டதும் இடப்பக்கம் தளர்ந்துவிட்டது. அடிவிளிம்புக்கு அருகே ஒரு சாண் நீளத்தில் மட்டும் இலேசான அலை மிஞ்சியிருக்கிறது. தோள் முனையில் வெட்டிய பட்டைகளில் மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் பைகளாக வைத்துத் தைத்துவிட்டேன்.

இரண்டாம் பதில் அளித்தவர்

அந்த ஒரு சாணில் சாய்வு வெட்டுகளை 1.5 செ.மீ.க்கு ஒன்றாக நெருக்கிக் கொடுங்கள். கீழ் மடிப்புக்குள் மாட்டியிருக்கும் கரையை, மடிப்பை 5 செ.மீ. பிரித்து விடுவித்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். இழுப்பு பெரும்பாலும் அங்கேதான் பிடித்துக்கொண்டிருக்கும்.