‘ஸ்டேல்’ என்பதற்குக் ‘காலாவதி’ வேண்டாம்: ஒரு கலைச்சொல் விவாதம்

அனுப்பியவர்: திருவொற்றியூர் மாணவர்
பொருள்: ‘ஸ்டேல்’ = கெடு கடந்தது?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில், உலாவி எடுத்துவைத்திருக்கும் பக்கத்துக்குக் குறித்த நேரம் தாண்டியதைச் சொல்லும் ‘ஸ்டேல்’ (stale) என்பதற்கு எதிரே ‘காலாவதியானது’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் ‘கெடு கடந்தது’ என்று போடலாம் என்பது என் வேண்டுகோள். கேஷுக்கே தமிழ் என்ன என்ற பஞ்சாயத்தை இங்கே கூட்ட வேண்டாம், அது தன் பாட்டுக்கு ஓடட்டும். ஒருமுறை வந்த பக்கத்தை மறுபடி இறக்காமல் காட்ட உலாவி எடுத்துவைக்கும் இடத்தை நான் கேஷ் என்றே எழுதுகிறேன்.

வலைத் தொழில்நுட்பச் செய்திகளை வாரம் ஒரு ஏ4 தாளில் தமிழில் எழுதி எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவருகிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஜூனியர்கள்தான் வாசகர்கள். பலகை கேன்டீனுக்குப் போகிற வழியில் இருப்பதால் மற்ற துறைக்காரர்களும் நின்று பார்ப்பார்கள், பெரும்பாலும் யாருக்காவது காத்திருக்கும்போது. சென்ற தாளில் ‘ஸ்டேல்-வைல்-ரிவேலிடேட்’ (நேரம் தாண்டிய பக்கத்தை முதலில் காட்டிவிட்டு, மாறியிருக்கிறதா என்று பின்னால் சர்வரைக் கேட்கச் சொல்லும் கட்டளை) பற்றி எழுதினேன். மார்க் நாட்டிங்ஹாம் எழுதிய ஆர்எஃப்சி 5861 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் 2010-இலேயே இருக்கிறது. குரோமுக்குள் வந்தது 2019-இல், 75-ஆம் பதிப்பில். ரியாக்ட் கொண்டு வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த ‘எஸ்டபிள்யூஆர்’ நிரலகத்துக்குப் பெயரே இதன் முதலெழுத்துகள்தான். பட்டியலில் உள்ளபடி, ‘காலாவதியான பக்கத்தை உலாவி முதலில் காட்டும்’ என்று தாளில் போட்டிருந்தேன்.

மறுநாள் லேப் வாசலில் முதலாண்டுத் தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். “அண்ணா, காலாவதின்னா டெலிட் பண்ணிடணும்ல? பண்ட்டேன்.” போனை நீட்டினான். செட்டிங்ஸுக்குள் போய்க் குரோமில் சேர்ந்திருந்த தரவு மொத்தத்தையும் துடைத்திருந்தான். மெட்ரோவில் போகும்போது படிக்கலாம் என்று எடுத்துவைத்திருந்த பாடக்குறிப்புகளும் அதோடு போயின. “வைரஸு மாதிரி எதுனா வந்துடும்னு பயந்துட்டேன்ணா” என்றான்.

அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மாத்திரை அட்டையில், பால் பாக்கெட்டில், சிலிண்டர் டியூபில் காலாவதி என்ற சொல்லைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? தூக்கிப் போடுவோம். காலாவதியான மருந்தை விற்றால் கடைக்காரர் மேல் வழக்கே வரும்.

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியில் ஸ்டேல் அவ்வளவு பயங்கரமானதில்லை. சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது பக்கத்தோடு சேர்ந்து போகும் குறிப்பான கேஷ்-கன்ட்ரோல் தலைப்புவரியில் ‘மேக்ஸ்-ஏஜ்=600’ என்று எழுதி அனுப்புகிறது. 600 நொடி, அதாவது 10 நிமிடம் வரை என்னைக் கேட்காமலே இதை எடுத்துக் காட்டிக்கொள் என்று அர்த்தம். அந்தப் 10 நிமிடம் தாண்டினால் பக்கம் ஸ்டேல். உலாவி அதைத் தூக்கிப் போடுவதில்லை. கூடவே வந்த இ-டேக் அடையாளத்தைக் காட்டி, ‘என்னிடம் இருப்பது இன்னும் சரிதானா?’ என்று சர்வரைக் கேட்கிறது. மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் பதில் சொல்லும், பக்கத்தை மறுபடி அனுப்பாது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் காலம் தள்ளுகிற எனக்கு இந்த 304 மேல் தனிப் பாசம். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9111-ஐப் படித்தால் இன்னும் தெளிவு: நெட்வொர்க் அறுந்து கிடந்தாலும், சர்வரே முன்கூட்டி அனுமதித்திருந்தாலும், ஸ்டேல் பக்கத்தை அப்படியே கொடுக்கலாம்.

இது எங்கள் பக்கத்தில் தினசரி நடக்கிற கதை. திருவொற்றியூரில் ஏறினால் புதுவண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ மேலேயே ஓடும், அதற்கப்புறம் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். தேரடி வரும்போது செய்திப் பக்கத்தைத் திறந்து, டோல்கேட் போவதற்குள் நாலு தலைப்பைத் தட்டி வைத்துவிடுவேன். மண்ணடிக்கு வரும்போது சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் படிக்க இருக்கும். அதில் பாதி, கணக்குப்படி ஸ்டேல். படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்று. அதன் நாள் தாண்டிவிட்டால் உலாவி முழுப்பக்க எச்சரிக்கை போட்டு வழியை மறிக்கும். காலாவதி என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. வழி மறிக்கிற ஒன்றுக்கும் தாராளமாக எடுத்துப் பரிமாறுகிற ஒன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிக்கிறவன் குழம்பத்தான் செய்வான்.

சரி, ஏன் கெடு? ‘அரசு கெடு விதித்தது’ என்று பேப்பரில் படிக்கிறோம். எங்கள் தெருவில் தண்டல்காரரும் அதையேதான் சொல்வார்: “சனிக்கெழம வரைக்கும் கெடு.” கெடுவை ஒருவர் இன்னொருவருக்குக் குறிக்கிறார், குறித்தவர் மனம் வைத்தால் நீட்டலாம். மேக்ஸ்-ஏஜ் சர்வர் குறிக்கிற கெடு. 304 வந்தால் அந்தக் கெடு நீள்கிறது. ஆக மேக்ஸ்-ஏஜ் ‘கெடு’, ஸ்டேல் ‘கெடு கடந்தது’.

இப்படிச் சர்வரைக் கேட்டுச் சரிபார்க்கும் ரிவேலிடேட் என்பதற்குப் பட்டியலில் ‘மறுமதிப்பீடு’ இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கல்லூரியில் மறுமதிப்பீடு என்றால் அரியர் விழுந்து, பணம் கட்டி, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது. இங்கே யாரும் எதையும் மதிப்பிடவில்லை, கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவே. ‘விசாரி’ என்று போடலாமா?

---

அனுப்பியவர்: மதுரை ஐயா
பொருள்: மறு: ‘ஸ்டேல்’ = கெடு கடந்தது?

அன்புள்ள தம்பிக்கு,

காலாவதி என்பதைப் பிரித்தால் காலம், அவதி. அவதி என்றால் எல்லை. குறித்த காலத்தின் எல்லை வந்துவிட்டது என்று மட்டுமே பொருள். நீங்கள் கேட்பதும் அதைத்தானே? மாத்திரை அட்டைக்காரர்கள் அச்சிட்டுவிட்டார்கள் என்பதற்காக நாம் ஒரு சொல்லைத் தாரைவார்க்க வேண்டுமா? ஆனாலும் அந்தப் பையன் போனைத் துடைத்த கதையைப் படித்தபின் வாதாட மனம் வரவில்லை.

கெடு எனக்கு உறுத்துகிறது. தெலுங்கில் ‘கடுவு’ என்பார்கள், அந்த உறவில் வந்தது. அது குற்றமில்லை. ஆனால் தமிழில் ‘கெடு’ ஏவல் வினையும்கூட. மென்பொருளில் தனியாக ‘கெடு’ என்று நின்றால் ஏதோ சாபம் கொடுத்ததுபோல் இருக்கிறது. எதைத் தவிர்க்க வந்தீர்களோ, அந்தக் ‘கெட்டுப்போனது’ பின்வாசல் வழியாக உள்ளே வருகிறதே.

நான் சொல்வது ‘பழையது’. வடித்த சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாள் அது பழையது. அதைக் கெட்டது என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை, மோரும் வெங்காயமும் தேடுவார்கள். ஸ்டேல் என்பதும் ரொட்டிக்குச் சொல்கிற சொல்தானே.

‘விசாரி’ வடசொல். ‘உசாவு’ இருக்கும்போது அது எதற்கு?

---

அனுப்பியவர்: கோவை அக்கா
பொருள்: மறு: மறு: ‘ஸ்டேல்’ = கெடு கடந்தது?

மொழிபெயர்ப்பில் நாளெல்லாம் உட்காருகிறவள் என்ற முறையில் ரெண்டு வார்த்தை.

ஐயா சொல்லும் உசாவு ஏட்டுச்சொல் என்று தம்பி சொல்லிவிடுவார், அதற்குள் சொல்லிவிடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளின் கடைசியில் ‘உசாத்துணை’ என்று பார்த்திருப்பீர்கள். இணையத்தில் தமிழ் படிக்கிறவர்களுக்கு அந்த வேர் புதிதில்லை. நீளமும் குறைவு, பொத்தானுக்குள் அடங்கும். ‘மறுமதிப்பீடு செய்’ எந்தப் பொத்தானிலும் அடங்காமல் மூன்று புள்ளியோடு நிற்பதை நான் பார்த்து நொந்திருக்கிறேன்.

கெடுவுக்குப் பதில் ‘தவணை’ ஆகுமா? காதுக்கு இதமாக இருக்கிறது. அப்புறம், ஃப்ரெஷ் என்பதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் தம்பி? ஸ்டேலை மட்டும் மாற்றிவிட்டு அதன் எதிர்ச்சொல்லை ‘புதியது’ என்றே விட்டால் ஜோடி சேராது.

---

அனுப்பியவர்: திருவொற்றியூர் மாணவர்
பொருள்: மறு: மறு: மறு: ‘ஸ்டேல்’ = கெடு கடந்தது?

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. உசாவு எனக்குச் சம்மதம். ஜூனியர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் சிரித்தான், மற்றவர்களுக்கு ஒரு விளக்கத்தில் பிடிபட்டுவிட்டது.

பழையது என்னும் சொல் மேல் எனக்கும் ஆசைதான் ஐயா. எங்கள் வீட்டில் அதற்குத் தொட்டுக்க நெத்திலிக் கருவாடு. ஆனால் இங்கே அது காலை வாரிவிடும். கெடு கடந்த பக்கம் பழைய பக்கமாக இருக்க வேண்டும் என்றே இல்லையே! சர்வரில் இருப்பதும் என் போனில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கலாம், 304 வருவதே அதற்குத்தான். இன்னொரு பக்கம் பார்த்தால், கெடுவுக்குள் இருக்கும்போதே சர்வரில் பக்கம் மாறிவிடலாம். அப்போது என்னிடம் இருப்பது பழைய பதிப்பு, ஆனாலும் எச்டிடிபி கணக்கில் அது ஃப்ரெஷ். ஸ்டேலும் ஃப்ரெஷும் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை, கடிகாரத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. பழையது, புதியது என்று போட்டால் படிக்கிறவர் உள்ளடக்கம் என்றே எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தமிழில் நாமாவது அந்த வழுக்கலைத் தவிர்க்கலாம்.

இதனாலேயே அக்கா கேட்ட ஜோடியும் தானாக வந்துவிடுகிறது: ‘கெடுவுக்குள்’, ‘கெடு கடந்தது’. தவணை இதமான சொல்தான், ஆனால் தவணை என்றதும் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று எண்ணத் தோன்றுகிறது. டிவி வாங்கிய வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஏவல் வினை உறுத்தல் நியாயமானது. அதற்குத் தீர்வாக, கெடுவைத் தனியாக நிறுத்தாமல் ‘கெடு: 10 நிமிடம்’ என்று அளவோடு சேர்த்தே எழுதுவோம். கெடுவில் வேறு ஆதாயமும் இருக்கிறது. சர்வர் கெடு எதுவும் சொல்லாமல் அனுப்பினால் உலாவி தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ள ஆர்எஃப்சி அனுமதிக்கிறது. கடைசியாக மாற்றிய நேரத்திலிருந்து இதுவரை கடந்ததில் 10% என்பது அங்கே காட்டப்படும் வழக்கமான அளவு. 10 நாளாக மாறாத பக்கத்துக்கு ஒரு நாள். இதை ‘ஊகக் கெடு’ என்றால் பாதி விளக்கம் முடிந்தது. கெடு முடியும் தேதியைச் சொல்லும் எக்ஸ்பயர்ஸ் தலைப்புவரியைக் ‘கெடு நாள்’ எனலாம். ‘ஊகப் பழையது’ என்று சொல்லிப் பாருங்கள், ஓட்டலில் எழுந்து வந்துவிடுவோம்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கேஷ்-கன்ட்ரோல் கட்டளைகளில் முக்கால்வாசி, எது முதலில் எது பிறகு என்ற வரிசைதான். தமிழ் வினையெச்சம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஸ்டேல்-வைல்-ரிவேலிடேட் என்பது ‘தந்து உசாவு’: முதலில் கையில் இருப்பதைக் கொடு, பின்னால் போய்க் கேள், மாறியிருந்தால் அடுத்த முறை புதிதைக் காட்டு. நோ-கேஷ் என்பது ‘உசாவித் தா’. அதன் ஆங்கிலப் பெயர் கேஷில் வைக்காதே என்பதுபோல் ஒலித்து ஏமாற்றும். உண்மையில் வைக்கலாம், கேட்காமல் மட்டும் கொடுக்கக் கூடாது. வைக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர் தனியாக இருக்கிறது, அதை ‘வைக்காதே’ என்று விடுவோம். மஸ்ட்-ரிவேலிடேட் ‘கடந்தால் உசாவித் தா’: கெடுவுக்குள் தாராளம், தாண்டினால் கேட்காமல் ஒரு எழுத்தும் வெளியே போகக் கூடாது, நெட்வொர்க் இல்லையென்றால் பிழை காட்டு. இரண்டு வினையை இடம் மாற்றிப் போட்டதில் ஒரு கட்டளை இன்னொன்றாகிவிடுகிறது. லேப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும், போனைத் துடைத்த அதே தம்பி, “அப்போ நான் டெலிட் பண்ணதுக்கு இன்னா பேருண்ணா?” என்றான்.

அவனுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அடுத்த கேள்வி. ‘இன்வேலிடேட்’ என்பதற்குப் பட்டியலில் ‘செல்லாததாக்கு’ இருக்கிறது. 2016 நவம்பரில் ஏடிஎம் வரிசையில் நின்றவர்கள் அதைப் படித்தால் பக்கத்துக்கு இனி மதிப்பே இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் எச்டிடிபியில் இன்வேலிடேட் என்றால் ஒன்று அதை நீக்கிவிடலாம், இல்லையென்றால் அடுத்த முறை உசாவாமல் தரக் கூடாது என்று குறித்துவைக்கலாம். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற சொல்லாக ‘கெடு நீக்கு’ என்று யோசித்தேன். அதைக் கெடுவே இல்லை, எப்போதும் காட்டலாம் என்று தலைகீழாகவும் படிக்க முடிகிறது. ‘கெடு முடி’? ‘கெடு அறு’? ஐயா என்ன சொல்கிறீர்கள்? திங்கட்கிழமைத் தாளில் மற்றவற்றைப் போட்டுவிடுகிறேன், இதற்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறேன்.